குறுக்கே கேட்கும் பிள்ளை

(நடுநிலைப் பள்ளி சமூக அறிவியல் ஆசிரியர்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னால் "அப்புறம்?" என்று கேட்பார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பில் சொன்னால் "பரீட்சைக்கு வருமா?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்று வருஷம் இருக்கிறது. ஆறு, ஏழு, எட்டு. அந்த வயதுப் பிள்ளை கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, "நிஜமா சார்?" என்று கேட்கும். வரலாறு சொல்லிக்கொடுக்கிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை கிடையாது. நாம் காது கொடுக்காவிட்டால் அந்தக் கேள்வி தானாகவே நின்றுபோகும். பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் திரும்பி வராது. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

கதையாகச் சொல்லுங்கள், நாடகமாகப் போடுங்கள் என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் நமக்குச் சொல்கிறார்கள். நாமும் செய்கிறோம். ஆண்டு விழா வந்தால் அட்டையில் கிரீடம் வெட்டி ஜிகினா ஒட்டுகிறோம். கணீரென்று பேசுகிற பிள்ளைக்கு ராஜா வேஷம், மற்றவர்களுக்கு ஈட்டி. வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், கைதட்டல் கிடைக்கிறது. ஒரு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். வசனம் அப்படியே வாயில் இருக்கும். எந்த வருஷம், எதற்காகச் சண்டை, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். அந்த மேடையில் "நிஜமா சார்?" என்று கேட்பதற்கு யாருக்கும் இடம் வைக்கவில்லையே!

நம்முடைய தெருக்கூத்தில் அந்த இடம் இருக்கிறது. கூத்தில் ராஜா நேரடியாக வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட முடியாது. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னால் அவர் காத்திருக்க வேண்டும். கட்டியங்காரன் கேட்பான்: நீ யார், எந்த ஊர், எதற்காக வந்தாய்? துரியோதனனாகவே இருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகும் இரவு முழுக்க அவன் குறுக்கே பேசுவான், சந்தேகம் கேட்பான், பார்க்கிறவர்கள் மனதில் இருப்பதைப் போட்டு உடைப்பான். யாரும் அவனை உட்காரச் சொல்வதில்லை. கூத்து அவனை நம்பித்தான் நடக்கிறது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வகுப்பில் சொல்கிற ஒவ்வொரு வரலாற்றுக் கதையிலும், போடுகிற ஒவ்வொரு நாடகத்திலும், ஒரு பிள்ளையைக் கட்டியங்காரனாக நிறுத்துங்கள். எந்த நேரத்திலும் கையைத் தூக்கிக் கதையை நிறுத்தும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு. கேட்பதற்கு மூன்று கேள்விகளைக் கொடுத்துவிடுங்கள். இது எங்கே எழுதியிருக்கிறது? எழுதியது யார்? யாரைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறார்கள்? பொறுப்பு முறை வைத்து மாறட்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு இதை முதலில் கொடுங்கள். பேச வெட்கப்படும் பிள்ளைகூடக் கேள்வி கேட்பது தன் வேலை என்று சொல்லிவிட்டால் கேட்டுவிடும்.

வீரபாண்டிய கட்டபொம்மனை எடுத்துக்கொள்வோம். 1959-ல் வந்த படம். இன்றைய பிள்ளைகள் தாத்தாவின் கைப்பேசியில் அதைப் பார்த்திருக்கிறார்கள், சிவாஜி கணேசனின் வசனம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த வசனத்தை எழுதியவர் சக்தி டி.கே.கிருஷ்ணசாமி. எங்கள் தலைமுறையில் பலருக்கு வரலாற்றின் மேல் ஆசை வந்ததே அதைக் கேட்டுத்தான். ஆனால் அந்தச் சொற்களைக் கட்டபொம்மன் பேசியதாக எந்த ஆவணமும் கிடையாது. இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடிப்போகும் என்று பல ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள், முகம் வாடாது.

1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன் வரிப் பாக்கிக்காகக் கட்டபொம்மனை வரச் சொல்கிறார். குற்றாலத்தில் போய் நின்றால் பார்க்க மறுக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மறுக்கிறார். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி கிடைக்கிறது. பாக்கியில் பெரும்பகுதி அதற்குள் கட்டப்பட்டுவிட்டது, மிச்சம் 1080 பகோடா. அந்த அறையில் கட்டபொம்மனையும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணியனாரையும் மூன்று மணி நேரம் நிற்கவைத்தார் ஜாக்சன் என்று நம் பாடப்புத்தகம் சொல்கிறது.

இந்தக் காட்சியை வசனமே இல்லாமல் போடச் சொல்வேன். மேசையும் நாற்காலியும் ஆசிரியருடையவை. ஒரு பிள்ளை உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். இரண்டு பேர் எதிரே நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் நிமிரக் கூடாது, நிற்பவர்கள் பேசக் கூடாது. பத்து நிமிஷம், அவ்வளவுதான். முதல் இரண்டு நிமிஷம் வகுப்பு சிரிக்கும். பிறகு சிரிப்பு அடங்கும். ஐந்தாவது நிமிஷத்தில் நிற்கிறவன் காலை மாற்றிப் போடுவான். ஏழாவது நிமிஷத்தில் அவன் பார்வை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு பையனிடம் அப்போது என்ன தோன்றியது என்று பிறகு கேட்டேன். "கோபம்கூட வரலை சார். அவன் நிமிர்ந்து பார்ப்பானான்னு அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றான். அவமதிப்பு என்று பாடப்புத்தகத்தில் ஆறு எழுத்தில் இருப்பதை அவன் உடம்பு தெரிந்துகொண்டுவிட்டது.

அன்றைக்குக் கட்டியங்காரப் பொறுப்பில் இருந்தது ஒரு பெண். கையைத் தூக்கினாள். "மூணு மணி நேரம்னு யாரு சார் மணி பார்த்தது?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். யார் மணி பார்த்திருப்பார்கள்? நின்றவர்கள் தரப்பு சொன்ன கணக்கா, உட்கார்ந்திருந்தவர் ஒப்புக்கொண்டதா? நின்றவருக்கும் உட்கார்ந்திருந்தவருக்கும் நேரம் ஒரே மாதிரி ஓடுமா? அந்த வகுப்பு ஒரு பீரியட் முழுக்க இதையே பேசியது. ராமநாதபுரம் கோட்டை வாசலில் மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்ததையும், ஊமைத்துரை ஆட்களோடு வந்து அண்ணனை மீட்டதையும், சிவசுப்பிரமணியனார் பிடிபட்டதையும் அடுத்த நாள் சொன்னேன். கம்பெனியே விசாரணைக் குழு வைத்து, ஜாக்சனைப் பதவியிலிருந்து இறக்கியது என்றதும் பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை. "அப்ப எதுக்கு சார் தூக்குல போட்டாங்க?" என்றார்கள். 1799 அக்டோபர் 16, கயத்தாறு. தேதியை நான் கரும்பலகையில் எழுதவே இல்லை. அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவதாக உத்திரமேரூர். இதற்கு எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகமாகப் போட இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டு வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 921. முதல் முறையில் இருந்த குறைகளைத் திருத்தி இரண்டாவதை வெட்டியிருக்கிறார்கள். நாம் வகுப்பில் "குடவோலை முறை" என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்து போகிறோமே, அதை எப்படி நடத்த வேண்டும் என்று அந்தச் சுவர் அடி அடியாகச் சொல்கிறது. நாடகத்துக்கு வேண்டிய குறிப்புகள் எல்லாம் கல்லிலேயே இருக்கின்றன.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. பேர் எழுதிய ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். சிறுவர் முதல் முதியவர் வரை மகாசபை கூட வேண்டும். ஊரில் அன்றைக்கு இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பேர் செல்லும்.

ஐந்து விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள் என்று நான் சொல்வதில்லை. ஒரு பிள்ளையை மத்தியஸ்தராக நிறுத்தி, முதலில் கையை மூடி வாங்கச் சொல்வேன். சட்டையின் முழுக்கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்ளச் சொல்வேன். கூட்டத்தில் யாராவது ஒருவன், "டேய், கையில வேற சீட்டு வச்சிருக்கான்டா" என்று கத்திவிடுவான். பிறகு விரலை விரித்து வாங்கச் சொன்னால் வகுப்பு முழுவதும் தலையாட்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ஊர்க்காரர்கள் எந்தக் களவுக்குப் பயந்தார்கள் என்பது அந்த ஒரு கையில் தெரிந்துவிடுகிறது. ஓலை எடுக்கிற சிறுவன் தங்களைவிடச் சின்னப் பையன் என்பதில் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பெருமை. அந்தச் சுவரில் ராஜா இருக்கிறார், சபை இருக்கிறது, இவ்வளவு பெரிய காரியத்தில் நம்பி ஒப்படைத்த வேலை ஒரு பாலகனுடையது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் பழம்பெருமை பேசிய நாடகமாகத்தான் மிஞ்சும். தகுதி விதிகளுக்கு வர வேண்டும். அங்கேதான் கட்டியங்காரனுக்கு வேலை. முதலில் பிள்ளைகளுக்குப் பாத்திரச் சீட்டு கொடுக்கிறேன். குயவர், நெசவாளி, வயலில் நாற்று நடும் பெண், வணிகர், ஏரியில் மண் வெட்டுகிறவர், வேதம் படித்த இளைஞர், கால் வேலிக்கு மேல் நிலமுள்ள நாற்பது வயதுக்காரர் என்று. இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளின் சொந்த வீட்டு நிலவரத்தை ஒருபோதும் கேட்காதீர்கள். "உங்க வீட்ல நிலம் இருக்கா, உட்கார்" என்று சொன்னால் நீங்கள் வரலாறு நடத்தவில்லை, அந்தப் பிள்ளையை வகுப்பு நடுவில் வைத்துக் காயப்படுத்துகிறீர்கள். சீட்டில் இருப்பவர் மட்டும் போதும்.

எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாதவர்கள் உட்காருங்கள். பாதி வகுப்பு உட்கார்ந்துவிடும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் வயது இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நன்றாகக் கற்றவர்களுக்கு நில அளவில் கொஞ்சம் சலுகை உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இடமில்லை. சிற்றன்னை மகன், பெரியன்னை மகன், அத்தை மகன், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று கல்வெட்டு ஒரு பெரிய உறவுப் பட்டியலே தருகிறது. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள், அவர்கள் ஊர் நிலவரம் அவர்களுக்குத் தெரியும். கடைசியில் நான்கைந்து பேர் நிற்பார்கள்.

அப்போது நாற்று நடும் பெண்ணின் சீட்டை வைத்திருக்கும் பிள்ளை கேட்பாள்: "நான் எந்த விதியில சார் உட்காரணும்? நீங்க படிச்ச எதுலயும் பொம்பளைன்னு சொல்லவே இல்லையே?" ஆமாம், சொல்லவில்லை. பெண்ணுக்குத் தடை என்று எழுதி வைக்கும் அளவுக்குக்கூட அவளை நினைத்துப் பார்க்கவில்லை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர் என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன். உழுதவர்களும் நெய்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இல்லை. கணக்குக் காட்டாதவனைக் குடும்பத்தோடு ஒதுக்கி வைத்த அந்தக் கண்டிப்பை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்த மண்டபத்துக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. இரண்டையும் ஒரே பீரியடில் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும், அதற்குத்தான் நாடகம். எடுத்த முப்பது பேரில் பன்னிருவர் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம் என்று பிரித்து முடிக்கும்போது மணி அடித்துவிடும்.

கதை சொல்லும் ஆசிரியருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. ஆவணம் சொல்லாத இடத்தை என்ன செய்வது? வெறும் தேதியை வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியாது, இட்டுக்கட்டினால் பொய் சொன்னதாகிவிடும். இதற்கு நான் கண்ட வழி ஒரு துண்டு. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பேசினால் நான் பேசுவது கற்பனை. துண்டை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டால் பேசுவதற்கு ஆதாரம் உண்டு. இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்தில் அவர்களே, "சார், துண்டு, துண்டு!" என்று நினைவுபடுத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தை இப்படித்தான் சொல்கிறேன். துண்டு மேசை மேல் இருக்கிறது: 1930 ஏப்ரல் 13, திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று எச்சரித்தார். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஏப்ரல் 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள், ராஜாஜி கைதானார். இவ்வளவும் ஏட்டில் உள்ளது.

பொட்டலத்தைக் கட்டியது யார்? அவர்களின் பேர் ஏட்டில் ஏறவில்லை. அங்கே துண்டு தோளுக்கு வருகிறது. வகுப்பு நடுவில் ஒரு பிள்ளை கையை விரித்து மரமாக நிற்கும். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பொட்டலம் கட்டிவிட்டுப் போக வேண்டும். வருகிறவர் தான் யார், வீட்டில் யாரிடம் சொல்லாமல் வந்தார், என்ன கட்டிக்கொண்டு வந்தார் என்பதை இரண்டே வரியில் சொல்ல வேண்டும். ஒரு பெண் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் தலையாரி. அவருக்கு ஆக்கின சோத்துலதான் எடுத்துக் கட்டியிருக்கேன்." அரசாங்கச் சம்பளம் வாங்கும் வீட்டிலிருந்தே சோறு வந்திருக்குமா என்று வகுப்பு வாதாடியது. ஆதாரம் இல்லாத அந்த இடத்துக்குள் அந்தப் பிள்ளை கலெக்டர் உத்தரவின் கனத்தை எப்படிக் கொண்டுவந்தாள் பாருங்கள்!

இதே ஊரில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளியின் கதை உண்டு. போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனவர். பாதிச் சவரத்தில் ஆள் போலீஸ் என்று தெரிந்து கத்தியைக் கீழே வைத்தார் என்றும், நீதிமன்றத்தில் இன்ன பதில் சொன்னார் என்றும் வாய்மொழியில் அது வளர்ந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது நான் துண்டைக் கையில் வைத்துக்கொள்கிறேன், தோளிலும் இல்லாமல் மேசையிலும் இல்லாமல். ஊர் சொல்லும் கதைக்கு அதுதான் இடம். ஊர் ஏன் அதை வளர்த்துச் சொன்னது, கத்தியைக் கீழே வைத்த கையை ஏன் மறக்கவில்லை என்பதும் வரலாறுதானே?

இனி, கவனமாகப் பேச வேண்டிய ஒன்று. சாதிக் கொடுமையை நாடகமாகப் போடும்போது யாருக்கு எந்த வேஷம் கொடுக்கிறோம்? வைக்கம் சத்தியாகிரகத்தை எடுத்துக்கொண்டு, கோயில் தெருவில் நடக்க வருகிறவரைத் தடுத்து விரட்டுவது போல் காட்சி போட்ட பள்ளி ஒன்றை நான் அறிவேன். விரட்டப்பட்ட வேஷம் போட்ட பிள்ளையை அதன் பிறகு மைதானத்திலும் அதே சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் ஒரு பிள்ளையின் தலையில் விடிந்தது. அவமதிப்பைப் பிள்ளைகளைக் கொண்டு நடித்துக் காட்டாதீர்கள். கட்டபொம்மன் காட்சியில் நிற்க வைத்தேனே என்று கேட்பீர்கள். அங்கே நின்ற பிள்ளை பாளையக்காரர், மணி அடித்ததும் அவன் மறுபடி பழைய பிள்ளை. இங்கே வேஷம் கலைந்த பிறகும் சாதி கலையாது.

வைக்கத்தில் வேறு காட்சி இருக்கிறது. 1924 மார்ச் 30 அன்று குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்று மூன்று சாதிகளைச் சேர்ந்த மூவர் சேர்ந்து நடந்து கைதானதில் போராட்டம் தொடங்கியது. பெரியார் சிறை சென்றார், நாகம்மையார் களத்தில் நின்றார். இதை நான் கதையாகவே சொல்லிவிடுகிறேன். நாடகத்துக்கு 1925 பிப்ரவரியை எடுக்கிறேன். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற தீர்மானம் திருவிதாங்கூர் சட்டசபைக்கு வருகிறது. ஆதரவு 21. எதிர்ப்பு 22.

நாற்பத்து மூன்று வாக்குகள். நம் வகுப்புகளில் பலவற்றில் கிட்டத்தட்ட அவ்வளவு பிள்ளைகள்தான் இருப்பார்கள். எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பை இருபத்தொன்றாகவும் இருபத்திரண்டாகவும் பிரித்து உட்கார வையுங்கள். நடுவில் ஒரு பெஞ்சு இடைவெளி விடுங்கள். எதிர்ப்புப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அன்று இரவு அந்த உறுப்பினர் வீட்டுக்குப் போய் எழுதியிருக்கக்கூடிய நாட்குறிப்பை நாலு வரியில் எழுத வேண்டும், துண்டு தோளில் இருக்கிறது என்ற உணர்வோடு. சிலர் நியாயப்படுத்தி எழுதுவார்கள், சிலர் பயத்தை எழுதுவார்கள். ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கை தூக்கினார். நானும் தூக்கினேன்." அநியாயம் எப்படி நடக்கிறது என்று ஒரு பாடம் முழுக்க நான் விளக்கியிருந்தாலும் இந்த இரண்டு வரியைத் தொட்டிருக்க மாட்டேன். அந்த ஆண்டு நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை, கோயில் நுழைவுக்கு 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லித்தான் பாடத்தை முடிக்க வேண்டும். வெற்றி விழாவாக முடித்தால் அது பாதி வரலாறு.

நாடகத்தின் மூலம் வரலாறு சொல்கிற நாம், நாடகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் வயதிலும் அதைவிடச் சிறிய வயதிலும் பையன்கள் நடித்தார்கள். டி.கே.சண்முகம் அப்படி வந்தவர்தான். அவர் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' நூலை ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் வாங்கி வையுங்கள். வீட்டை விட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு, ஊர் ஊராகப் போன பிள்ளைகளின் உலகம் அது. அதில் கலையும் இருக்கிறது, கஷ்டமும் இருக்கிறது.

1876-ல் பிரிட்டிஷ் அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிடிக்காத நாடகத்தைத் தடுக்க அதிகாரம். துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த அரசாங்கம் அரிதாரம் பூசியவர்களுக்கு ஏன் பயந்தது என்று எட்டாம் வகுப்பில் கேளுங்கள். விஸ்வநாத தாஸ் கதையைச் சொல்லுங்கள். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து தேசியப் பாட்டைப் பாடுவார், போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும், விடுதலையாகி வந்து மறுபடியும் பாடுவார். முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையில், மயில் மேல் அமர்ந்த முருகன் வேஷத்திலேயே உயிர் பிரிந்தது. சுதந்திரம் வந்த பிறகும் 1954-ல் நம் மாநிலத்தில் ஒரு நாடகச் சட்டம் வந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குத் தொடுத்து, 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்தத் தேதியைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் வயதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நாற்பது நிமிஷப் பீரியட், முடிக்க வேண்டிய பாடங்கள், நிரப்ப வேண்டிய பதிவேடுகள். எல்லாப் பாடத்துக்கும் நாடகம் வேண்டாம். பருவத்துக்கு ஒன்று போதும். மற்றவற்றுக்கு ஐந்து நிமிஷக் கதையும் ஒரு கட்டியங்காரக் கேள்வியும் போதும். உடை வேண்டாம், மேடை வேண்டாம், வசனத்தை எழுதிக் கொடுக்கவே வேண்டாம். வசனத்தை நாம் எழுதினால் பேசுவது நாம்தான். கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி கத்தாமல் பேசவும், இன்னொருவர் பேசும்போது அசையாமல் நிற்கவும் மட்டும் பழக்குங்கள். இந்த இரண்டும் வந்துவிட்டால் நடிப்பில் பாதி வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கமும், புதுச்சேரியில் 'ஆழி' குழுவின் வேலு சரவணனும் பிள்ளைகளோடு செய்த வேலையைத் தேடிப் பாருங்கள். பணச் செலவில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியும்.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடவோலை முறை பற்றிக் குறிப்பு வரைக என்று கேட்டால் மனப்பாடம் வரும். நான் கேட்கும் கேள்வி இப்படி இருக்கும்: "921-ம் ஆண்டு உத்திரமேரூர் மகாசபை கூடியிருக்கிறது. நீ மண்டபத்துக்கு வெளியே நிற்கும் குயவர். உள்ளே தூக்கிக் காட்டுகிற குடம் நீ செய்தது. நீ கண்டதையும் உனக்குத் தெரிய வழியில்லாததையும் தனித்தனியாக எழுது." குடம் அந்தக் குயவர் செய்தது என்பது என் கற்பனை. கேள்வித்தாளிலேயே அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் படம் போட்டுவிடுகிறேன். விடைத்தாளில் முதல் பகுதிக்கு மூன்று மதிப்பெண், இரண்டாவது பகுதிக்கு இரண்டு. இந்த இரண்டாவது பகுதியைத் திருத்தும்போது அவசரப்படாதீர்கள், ஒவ்வொரு தாளையும் முழுக்கப் படியுங்கள். உங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் கல்வெட்டு இருக்கலாம். அடுத்த மாதம் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகும்போது எந்தப் பிள்ளையை முன்னால் நடக்க விடுவது என்று அந்தத் தாள்களே உங்களுக்குச் சொல்லும்.